ஆஸ்பத்திரிச் சீட்டை வாசிப்பது எப்படி? குமரி மாவட்டத்தில் முதல்முறை நோயாளியோடு போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆஸ்பத்திரியில் கையில் தரும் காகிதங்களில் பயமுறுத்தும் சொற்கள் நிறைய இருக்கும். அவற்றில் பாதி ஒன்றுமில்லாதவை. உண்மையிலேயே கவனிக்க வேண்டிய சொல் பெரும்பாலும் நடுவில் எங்கோ சாதுவாக உட்கார்ந்திருக்கும். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

தக்கலையில் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று சீட்டு வாசிப்பது என் பிழைப்பு. அம்மாவையோ மாமனாரையோ முதல்முறையாக ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ, தக்கலை பெரியாஸ்பத்திரிக்கோ, நெய்யூருக்கோ கூட்டிப்போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இதை வைத்து யாரும் வைத்தியம் பார்க்க முடியாது. டாக்டரிடம் சரியான கேள்வி கேட்க முடியும், அவ்வளவுதான்.

முதலில் காகிதங்களை வரிசைப்படுத்துங்கள்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி, புதிய காகிதம் மேலே வரும்படி அடுக்குங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி கட்டாயம் இருக்கட்டும். ஈ.சி.ஜி. தாள் பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் தாள். நாளாக நாளாக வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், இல்லாவிட்டால் போனில் படம் பிடித்துவிடுங்கள். இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டுபோங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னதா இருக்கும்" என்று சொன்னால் எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது.

நம்மூரில் இன்னொன்றும் உண்டு. கோட்டாறு ஆயுர்வேத ஆஸ்பத்திரிக் கஷாயம், வைத்தியர் கொடுத்த சூரணம், வர்ம ஆசான் தந்த தைலம் எல்லாம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். இங்கிலீஷ் டாக்டர் திட்டுவார் என்று அதை மறைப்பார்கள். மறைக்காதீர்கள். சில மருந்துகள் ஒன்றோடொன்று சேரும்போது ரத்தம் உறைவதிலும் சிறுநீரகத்திலும் வித்தியாசம் காட்டும்.

அடுத்து, ஓ.பி. சீட்டில் இருக்கும் குறிகள்

டாக்டர்கள் ஒரே வரிசையில்தான் எழுதுவார்கள். 'சி/ஓ' என்று தொடங்கினால் நோயாளி சொல்லும் தொந்தரவு. 'எச்/ஓ' முன்பு நடந்தது. 'கே/சி/ஓ' என்றால் ஏற்கெனவே இருப்பது தெரிந்த நோய், பக்கத்தில் 'டி.எம்.' இருந்தால் சர்க்கரை, 'எஸ்.எச்.டி.' அல்லது 'எச்.டி.என்.' இருந்தால் பிரஷர், 'சி.ஏ.டி.' இதய ரத்தக்குழாய் அடைப்பு, 'சி.கே.டி.' நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, 'சி.வி.ஏ.' பக்கவாதம். 'ஓ/இ' என்பதற்குக் கீழே இருப்பது டாக்டர் தொட்டும் கேட்டும் பார்த்துக் கண்டுபிடித்தது.

நோயின் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால் அது சந்தேகம் மட்டுமே. 'ஆர்/ஓ' என்று எழுதியிருந்தால் "இது இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்" என்று பொருள். இந்த இரண்டையும் தெரியாமல் வீட்டுக்குப் போய் அழுதவர்கள் பலர். நம் பிள்ளைகள் ஹாஷ்டேக் என்று சொல்லும் குறி இருந்தால் எலும்பு முறிவு. 'என்.ஏ.டி.' என்றால் கோளாறு எதுவும் தென்படவில்லை. 'என்.பி.எம்.' அல்லது 'என்.பி.ஓ.' என்றால் வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. கட்டன்சாயாவும் அதில் அடங்கும்.

'அக்யூட்', 'க்ரானிக்' இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. அக்யூட் என்றால் திடீரென்று வந்தது, க்ரானிக் என்றால் நாள்பட்டது. இரண்டுமே எவ்வளவு மோசம் என்பதைச் சொல்லவில்லை. சாதாரணத் தொண்டைவலியும் அக்யூட்தான்.

சில நோய்களின் பெயரை டாக்டர்கள் வேண்டுமென்றே மறைத்து எழுதுவார்கள், பக்கத்தில் நிற்பவருக்குப் புரியக் கூடாது என்று. 'காக்ஸ்' என்று இருந்தால் காசநோய். 1882-இல் அந்தக் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் காக் என்பவரின் பெயர் அது. 'ஹான்சன்ஸ்' என்றால் தொழுநோய். 'மைட்டாட்டிக் லீஷன்', 'நியோபிளாசம்', வெறுமனே 'சி.ஏ.' என்று இரண்டெழுத்து, இவையெல்லாம் புற்றுநோயையோ அதன் சந்தேகத்தையோ குறிக்கும். பார்த்தவுடன் முடிவுக்கு வராமல், "இது உறுதியாகிவிட்டதா, இல்லை இன்னும் டெஸ்ட் இருக்கிறதா?" என்று கேளுங்கள். காசநோய்க்கும் தொழுநோய்க்கும் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். முழுசாகச் சாப்பிட்டால் இரண்டுமே குணமாகும்.

மருந்துச் சீட்டு: இங்கேதான் நிதானம் வேண்டும்

'1-0-1' என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. இது எல்லோருக்கும் தெரியும். எழுத்தில் போட்டிருந்தால் இப்படி: 'ஓ.டி.' தினம் ஒருவேளை, 'பி.டி.' இருவேளை, 'டி.டி.எஸ்.' மூன்றுவேளை, 'கியூ.ஐ.டி.' நான்குவேளை, 'எச்.எஸ்.' படுக்கும்போது, 'ஏ.சி.' சாப்பாட்டுக்கு முன், 'பி.சி.' சாப்பாட்டுக்குப் பின். 'ஸ்டாட்' என்றால் உடனே, ஒரு தடவை. '5/7' என்றால் ஐந்து நாள், '2/52' இரண்டு வாரம், '3/12' மூன்று மாதம். ஆனால் கண் டாக்டர் சீட்டில் 'ஓ.டி.' என்பது வலது கண், 'ஓ.எஸ்.' இடது கண், 'ஓ.யூ.' இரண்டு கண்ணும். சொட்டு மருந்து வாங்கும்போது இதை ஞாபகம் வையுங்கள்.

'எஸ்.ஓ.எஸ்.' என்று பார்த்ததும் அவசரம் என்று நினைத்து நேரந்தவறாமல் மாத்திரை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தேவைப்பட்டால் மட்டும் என்பதுதான் அர்த்தம். வலியோ காய்ச்சலோ இல்லாவிட்டால் வேண்டாம்.

வாரத்துக்கு ஒன்று என்று எழுதும் மருந்துகளில் தனிக் கவனம் வேண்டும். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் அப்படிப்பட்டது. தினமும் போட்டால் ரத்த அணுக்கள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். எந்தக் கிழமை என்று கேட்டு அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். 60,000 யூனிட் வைட்டமின் டி-யும் பெரும்பாலும் வாரம் ஒன்றுதான்.

மாத்திரைப் பெயரின் வாலையும் கவனியுங்கள். 'எஸ்.ஆர்.', 'எக்ஸ்.ஆர்.', 'ஈ.ஆர்.', 'சி.ஆர்.' எல்லாமே மெல்ல மெல்லக் கரையும் வகை. விழுங்கக் கஷ்டம் என்று பொடித்துக் கஞ்சியில் கலக்கிக் கொடுத்தால் ஒரு நாளுக்கான மருந்து மொத்தமும் ஒரே மூச்சில் உள்ளே போகும். 'டி.டி.' என்றால் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம், 'எம்.டி.' நாக்கிலேயே கரையும். பிரஷர் மாத்திரையில் 'எச்' என்றோ 'ஏ.எம்.' என்றோ வால் சேர்ந்திருந்தால் கூடவே இன்னொரு மருந்தும் இருக்கிறது. "அதே பெயர்தானே" என்று மாற்றி வாங்கக் கூடாது.

மருந்துக்கு இரண்டு பெயர் உண்டு. கம்பெனி வைத்தது பெரிய எழுத்தில் இருக்கும், மருந்தின் சொந்தப் பெயர் அடியில் சின்னதாக இருக்கும். பார்க்க வேண்டியது சின்ன எழுத்தை. டோலோ, கால்பால் இரண்டும் பாராசிட்டமால்தான். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் அது உண்டு. மூன்றையும் சேர்த்துப் போட்டால் பெரியவர்களுக்கான நாள் அளவாகிய 4 கிராமைத் தாண்டி ஈரலைக் கெடுக்கும். முதல்வர் மருந்தகத்திலோ ஜன் ஔஷதியிலோ வாங்கினால் அந்தச் சொந்தப் பெயரில்தான் கிடைக்கும். பெயர் மாறியதால் மருந்து மாறிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

இன்சுலினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேர்க்கிளம்பிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். அன்றைக்குக் குப்பியை மேசைமேல் வைத்து, "மக்கா, இதுக்கு ஊசி பத்து தா" என்றார். குப்பியில் 100 ஐ.யூ. என்று இருந்தது, அதாவது ஒரு மில்லியில் 100 யூனிட். "தாத்தா, வீட்டுல இருக்க ஊசிக்கு மூடி என்ன நிறம்?" என்று கேட்டேன். "சிவப்பு. முன்னயெல்லாம் அதுதானே போட்டேன்?" என்றார். சிவப்பு மூடி 40 ஐ.யூ. குப்பிக்கானது, 100 ஐ.யூ. குப்பிக்கு ஆரஞ்சு மூடி. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் பத்து கோடு இழுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட். சர்க்கரை தடாலென்று இறங்கி, வியர்த்து, நடுங்கி, மயங்கி விழுவார்கள். குப்பியில் இருக்கும் எண்ணும் ஊசியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எண்ணுக்குப் பக்கத்திலேயே அந்த லேபின் சரியான அளவு அச்சாகியிருக்கும். கூடினால் எச், குறைந்தால் எல். ஒன்றிரண்டு புள்ளி தள்ளியிருப்பது பெரும்பாலும் நோயல்ல.

வெறும் வயிற்றில் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் நல்லது, 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். 'எச்.பி.ஏ.1.சி.' கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும், 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் பழம்பொரியை நிறுத்தி இதை ஏமாற்ற முடியாது. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13, கர்ப்பிணிகளுக்கு 11. அதற்குக் கீழே போனால் ரத்தசோகை. பிளேட்லெட் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கலாம். கிரியாட்டினின் கூடினால் சிறுநீரகம் சரியாக வடிகட்டவில்லை என்று அர்த்தம். சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கு முன் இதைக் கேட்பது அதனால்தான்.

தைராய்டில் கணக்கு தலைகீழ். 'டி.எஸ்.எச்.' கூடியிருந்தால் பெரும்பாலும் தைராய்டு மந்தமாக இருக்கிறது. தைராய்டு போதவில்லை என்று மூளை அனுப்பும் தூண்டுதல்தான் அது, அதனால் கூடுகிறது. "கூடியிருக்கு, அப்ப மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அந்த மாத்திரையின் அளவு மைக்ரோகிராமில் இருக்கும். 25, 50, 100 என்று பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம்.

'பாசிட்டிவ்' என்றால் தேடியது கிடைத்தது. 'நெகட்டிவ்' என்றால் தேடியது இல்லை. சதைப் பரிசோதனையில் (பயாப்சி) நெகட்டிவ் என்று வந்தால் பெரும்பாலும் நிம்மதியாக மூச்சு விடலாம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் கடைசிப் பத்திக்குப் போங்கள்

மேலே உள்ள நீள விவரம் டாக்டருக்கு. நமக்கு வேண்டியது 'இம்ப்ரஷன்' என்ற தலைப்புக்குக் கீழே இருக்கும் இரண்டு மூன்று வரி. 'அன்ரிமார்க்கபிள்' என்றால் சொல்லும்படி ஒன்றும் இல்லை, அதாவது நன்றாக இருக்கிறது. 'டீஜெனரேட்டிவ் சேஞ்சஸ்', 'ஆஸ்டியோஃபைட்' எல்லாம் வயதானால் எலும்பில் வரும் தேய்மானமும் முனை வளர்ச்சியும். நாற்பதைத் தாண்டியவர் முதுகைப் படம் எடுத்தால் பலருக்கு இது இருக்கும். 'சிம்பிள் சிஸ்ட்' என்றால் நீர்க்கட்டி. 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்றால் ஈரலில் கொழுப்பு படியத் தொடங்கியிருக்கிறது. நடையும் சாப்பாடும்தான் அதற்கு முதல் மருந்து. 'லீஷன்' என்றால் இயல்புக்கு மாறான ஓர் இடம், அவ்வளவே. அது நல்லதா கெட்டதா என்பதை அந்தச் சொல் சொல்லாது. 'பினைன்' என்றால் புற்றுநோய் அல்லாதது, 'மேலிக்னன்ட்' என்றால் புற்றுநோய். 'கோரிலேட் கிளினிக்கலி' என்று முடிந்தால், படத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் நோயாளியைப் பார்த்துச் சேர்த்துப் பாருங்கள் என்று ஸ்கேன் டாக்டர் நம் டாக்டருக்குச் சொல்கிறார்.

சொல்லின் தலையையும் வாலையும் பிடியுங்கள்

நீளமான பெயர்களில் வாலைப் பார்த்தாலே பாதி புரியும். 'ஐட்டிஸ்' என்றால் அழற்சி: அப்பெண்டிசைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ். 'எக்டமி' வெட்டி எடுப்பது: அப்பெண்டெக்டமி, கர்ப்பப்பையை எடுக்கும் ஹிஸ்டரெக்டமி. 'ஸ்கோபி' குழாய் விட்டுப் பார்ப்பது. 'பிளாஸ்டி' சீர்செய்வது. 'ஆஸ்டமி' ஒரு வழி திறந்துவிடுவது. தொண்டையில் போடும் ட்ரக்கியாஸ்டமி அப்படி. 'ஓமா' என்று முடிந்தால் கட்டி, ஆனால் எல்லா ஓமாவும் புற்றுநோய் அல்ல. லைப்போமா வெறும் கொழுப்புக்கட்டி, கார்சினோமா புற்றுநோய்.

தலையில் 'ஹைப்பர்' என்றால் அதிகம், 'ஹைப்போ' என்றால் குறைவு. போனில் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். "ஹைப்பர்டென்ஷனா ஹைப்போடென்ஷனா?" என்று திருப்பிக் கேட்பதைவிட, "கூடியிருக்கிறதா, குறைஞ்சிருக்கிறதா?" என்று கேட்பது பத்திரமானது.

ஒரு சின்னக் கிளைக்கதை. வயிறு எரிந்தாலும் வலித்தாலும் நம்மூரில் எல்லாமே 'அல்சர்'தான். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் பயணங்களில் இருந்த சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர் நெய்யூரில் பல்லாண்டு வேலை பார்த்தார். குடல்புண் அறுவையில் பெயர் பெற்றவர். அந்தக் காலத்தில் அல்சர் என்றால் கத்தி வைக்கும் நோய். இப்போது பல புண்களுக்குக் காரணம் எச். பைலோரி என்ற கிருமி என்று தெரிந்துவிட்டதால் பெரும்பாலும் மாத்திரையிலேயே ஆறிவிடுகிறது. அல்சர் என்றால் உண்மையான புண், 'கேஸ்ட்ரைட்டிஸ்' என்றால் இரைப்பையின் உள்சுவர் அழற்சி. எண்டோஸ்கோபியில் பார்க்காமல் புண் என்று நாமே பெயர் வைக்க வேண்டாம்.

'கேஸ்' என்ற பெயர் அதைவிட ஆபத்தானது. நெஞ்சு அழுத்தம், வியர்வை, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி இருந்தால் ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு ஈ.சி.ஜி. வசதி உள்ள இடத்துக்குப் போங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாகவும் வரலாம். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் டாக்டர் இரு என்றால் இருங்கள். 'ட்ரோப்போனின்' என்ற ரத்தப் பரிசோதனையும் தொடக்கத்தில் சரியாகக் காட்டி, சில மணி நேரம் கழித்துக் கூடுவதுண்டு.

இதய வார்டில் கேட்கும் சொற்கள்

"ஆஞ்சியோ பண்ணியாச்சு" என்று யாராவது சொன்னால் எந்த ஆஞ்சியோ என்று கேளுங்கள். 'ஆஞ்சியோகிராம்' பரிசோதனை, மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ மெல்லிய குழாய் விட்டு, சாயம் செலுத்தி, அடைப்பு எங்கே என்று பார்ப்பது. 'ஆஞ்சியோபிளாஸ்டி' சிகிச்சை, பலூனால் விரித்து ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைப்பது, சீட்டில் 'பி.டி.சி.ஏ.' என்று இருக்கும். 'சி.ஏ.பி.ஜி.' என்பது நெஞ்சைத் திறந்து செய்யும் பைபாஸ். டாக்டர்கள் வாயில் அது 'கேபேஜ்' என்று வரும். எத்தனை குழாயில் அடைப்பு என்பதை 'எஸ்.வி.டி.', 'டி.வி.டி.' என்று எழுதுவார்கள். எஸ்.வி.டி. என்றால் ஒன்றில். டி.வி.டி. என்பது படம் பார்க்கும் டி.வி.டி. அல்ல, இரண்டிலோ மூன்றிலோ அடைப்பு. இரண்டுக்கும் தமிழில் ஒரே உச்சரிப்பு என்பதால் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவில் 'ஈ.எஃப். 60%' என்று பார்த்துவிட்டு, நூற்றுக்கு அறுபதுதானா என்று முகம் வாடுகிறவர்கள் உண்டு. நல்ல இதயம்கூட ஒவ்வொரு துடிப்பிலும் அறையிலுள்ள ரத்தம் முழுவதையும் தள்ளுவதில்லை. 55-லிருந்து 70 வரை இருந்தால் நன்றாக இருக்கிறது. 50-க்குக் கீழே போனால் டாக்டரிடம் கேட்க வேண்டும், 40-க்குக் கீழே போனால் கட்டாயம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை கொடுப்பார்கள். பல் பிடுங்குவதற்காகக்கூட அதை நாமாக நிறுத்தக் கூடாது. இதய டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.

பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அதனால் டாக்டர் முதலில் கேட்பது, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பது. கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகளின் சீட்டு

'எல்.எம்.பி.' கடைசி மாதவிலக்கின் முதல் நாள். அதிலிருந்து ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் 'ஈ.டி.டி.', பிரசவத்துக்கு எதிர்பார்க்கும் தேதி. 'ஜி2 பி1 எல்1' என்றால் இது இரண்டாவது கர்ப்பம், ஒரு பிரசவம் ஆகியிருக்கிறது, ஒரு குழந்தை உயிரோடு இருக்கிறது. 'ஏ1' என்று இருந்தால் அது அபார்ஷன். இந்தச் சொல்லால் சில வீடுகளில் சண்டையே வந்திருக்கிறது. மருத்துவத்தில் தானாகக் கலைந்த கருவுக்கும் அபார்ஷன் என்றுதான் பெயர். அந்தப் பெண் கலைத்தாள் என்று அர்த்தமில்லை. 'த்ரெட்டெண்ட் அபார்ஷன்' என்றால் கலையும் அபாயம் தெரிகிறது, கரு இன்னும் இருக்கிறது. 'எல்.எஸ்.சி.எஸ்.' என்றால் சிசேரியன். 'செஃபாலிக்' குழந்தையின் தலை கீழே, 'ப்ரீச்' கால் பக்கம் கீழே. ஆணா பெண்ணா என்று மட்டும் ஸ்கேன் சென்டரில் கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்வதும் கேட்பதும் குற்றம்.

திருவனந்தபுரத்துக்கு எழுதிக்கொடுத்தால்

'ரெஃபர் டு ஹையர் சென்டர்' என்றால் இங்கே இல்லாத வசதி தேவைப்படுகிறது. கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. நம்மூர்க்காரர்கள் பலர் இதயத்துக்கும் மூளைக்கும் பார்க்கும் ஸ்ரீ சித்திராவுக்கும், புற்றுநோய்க்குப் பார்க்கும் ஆர்.சி.சி.-க்கும் போவார்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தவர்களுக்கு மலையாளம் பழக்கம். வேலை மாற்றலாகி வேறு மாவட்டத்திலிருந்து இங்கே வந்தவர்கள் சில சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே நர்ஸ் 'பனி' உண்டா என்று கேட்டால் காய்ச்சல். 'முறிவு' என்றால் எலும்பு உடைந்தது அல்ல, காயம். 'நீரு' என்றால் வீக்கம். 'சர்த்தி' என்றால் வாந்தி. 'தலைகறக்கம்' தலைசுற்று.

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் வாசலிலேயே வாசியுங்கள்

'அஃபெப்ரைல்' என்றால் காய்ச்சல் இல்லை. 'ஹீமோடைனமிக்கலி ஸ்டேபிள்' என்றால் பிரஷரும் நாடியும் நிலையாக இருக்கின்றன. 'கன்சர்வேட்டிவ் மேனேஜ்மென்ட்' என்றால் அறுவை இல்லாமல் மருந்திலேயே பார்த்தார்கள். ஐ.சி.யூ. வாசலில் கேட்கும் 'ஸ்டேபிள்' என்ற சொல்லுக்குக் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இப்போதைக்கு மோசமாகவில்லை என்பதே. 'கார்டட் புரோக்னாசிஸ்' என்பது மெதுவாக ஒலிக்கும், ஆனால் கனமான சொல். எப்படிப் போகும் என்று உறுதி சொல்ல முடியவில்லை, தயாராக இருங்கள் என்கிறார்கள். 'பேலியேட்டிவ்' என்று இருந்தால் வலியையும் கஷ்டத்தையும் குறைப்பதுதான் சிகிச்சையின் நோக்கம். இந்தச் சொற்களைக் கண்டால் வீட்டில் முடிவெடுக்கக்கூடிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். 'லாமா', 'டாமா' என்று இருந்தால் டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் நாமாகக் கூட்டிப்போகிறோம் என்று பதிவாகிறது. தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

முதல்வர் காப்பீட்டு அட்டையில் சேர்ந்திருந்தால் 'பிரீ ஆத்' என்ற சொல் அடிபடும். சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டுத் திட்டம் ஒப்புதல் தருவது அது. திட்டமிட்ட அறுவை என்றால் இது வந்துவிட்டதா என்று காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கடைசி வரியில் 'ரிவியூ எஸ்.ஓ.எஸ்.' என்று இருந்தால் தொந்தரவு வந்தால் மட்டும் வாருங்கள் என்று பொருள். அங்கேயே நர்ஸிடம் மூன்று கேள்வி கேட்டு, பதிலைக் காகிதத்தின் பின்பக்கம் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன அறிகுறி வந்தால் ராத்திரியானாலும் ஓடி வர வேண்டும்? பழைய மாத்திரையில் எதை நிறுத்த வேண்டும்? தையல் பிரிக்க, டெஸ்ட் ரிப்போர்ட் வாங்க எந்தத் தேதி? வீட்டுக்கு வந்தபிறகு சந்தேகம் வந்தால் 104-க்குப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள். சீட்டு புரியவில்லை என்றால் மருந்து வாங்கிய கடையிலும் கேளுங்கள். கூட்டம் இருந்தால் சாயங்காலம் வாங்க என்று சொல்வோம், ஆனால் சொல்லித் தருவோம்.